யாருக்கு எந்த நூல்?



பாலக்கோட்டிற்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரின் கிளைக் கோயிலில், திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தாய் நம்மை அணுகி நின்றார். அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதிலிருந்து மூன்று நூல்களை எடுத்து, கோயில் திண்ணையின்மேல் வரிசையாக வைத்தார்.

"ஐயா, இந்த மூன்றில் எதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்? மூன்றும் சரியில்லையென்றால் எதை வாங்கட்டும்? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

முதல் நூல், திருவிழாக் கடையில் வாங்கியது. வழவழப்பான தாள், கண்ணைக் கவரும் வண்ணப் படங்கள், எழுத்து முழுவதும் ஆங்கிலம். இரண்டாவது, பேருந்து நிலையத்தில் யாரோ இலவசமாகக் கொடுத்தது. மூன்றாவது, அவருடைய மாமியார் புதுநன்மை வாங்கிய காலத்தில் பெற்ற பழைய குறிப்பிடம். அட்டை கிழிந்து, ஊசி நூலால் தைக்கப்பட்டிருந்தது.

அவருக்குப் பிள்ளைகள் மூவர். கடைக்குட்டிக்கு வயது ஐந்து. நடுப்பிள்ளைக்கு ஒன்பது. மூத்தவனுக்குப் பதினான்கு. இரவுச் செபம் முடிந்ததும் மூவரையும் ஒரே பாயில் அமர்த்தி, ஏதேனும் ஒரு நூலில் ஒரு பக்கம் வாசிப்பது அவர் வழக்கம். சின்னவள் ஐந்து நிமிடத்தில் உறங்கிவிடுகிறாள். நடுவிலவன் கேள்வி முடியுமுன்னரே விடையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கிறான். பொருள் கேட்டால் விழிக்கிறான். மூத்தவனோ சென்ற ஆண்டிலிருந்து வாய் திறப்பதேயில்லை.

ஏன் என்று வினவினோம். அவர் கண்கள் கலங்கின. கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊர் வருவார். சென்ற ஆண்டு சாரம் சரிந்து கீழே விழுந்து, கால் முறிந்து, மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார். இன்றும் தாங்கி நடக்கிறார். "அப்பாவுக்காகத் தினமும் செபித்தோமே அம்மா, பிறகு ஏன் விழுந்தார்?" என்று அன்று மூத்தவன் கேட்டானாம். "இந்தப் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன் ஐயா, பதில் இல்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவன் பாயில் உட்காருகிறான், செபிப்பதில்லை" என்றார்.

நூல் வாங்குவது பற்றிய கேள்வியாகத் தொடங்கியது, ஒரு மகனின் விசுவாசத்தைப் பற்றிய கேள்வியாக முடிந்தது. நாம் அந்த இடத்திலேயே விடை கூறத் துணியவில்லை. மூன்று நூல்களையும் இரவல் கேட்டு வாங்கி வந்து, இரண்டு வாரம் வைத்திருந்து படித்தோம். பிறகு அத்தாயிடம் நாம் கூறியவற்றின் விரிவே இத்திங்கள் கட்டுரை.

வீடே முதற்பள்ளி

மேலை நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் எல்லாப் பாடங்களையும் வீட்டிலேயே கற்பிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுக்கென ஒவ்வொரு வயதுக்கும் ஓராண்டுக்குரிய நூல்களைக் கட்டாகக் கட்டி விற்கும் பதிப்பகங்களும் உண்டு. நம் நிலை வேறு. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர், செல்லவும் வேண்டும். ஆனால் கணக்கையும் அறிவியலையும் பள்ளி கற்பிக்கும். விசுவாசத்தை யார் கற்பிப்பது?

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு உண்டே என்பீர்கள். உண்மை. ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் அது. மலையடிவார ஊர்களிலும், பங்குத் தந்தை மாதம் இருமுறை மட்டுமே வர இயலும் கிளை ஊர்களிலும் அந்த ஒரு மணி நேரமும் எப்போதும் வாய்ப்பதில்லை. தாய் தந்தையர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பெயரும்போது, பிள்ளைகள் பாட்டியிடம் விடப்படுகின்றனர்; அல்லது வேலையிடத்துக் கொட்டகைக்கே உடன் செல்கின்றனர். அப்போது வீடுதான் வகுப்பறை, பாய்தான் இருக்கை.

இது குறையென்று மனம் தளர வேண்டா. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றிய கொள்கை விளக்கத்தில் குடும்பத்தை இல்லத் திருச்சபையெனச் சுட்டியது. 1965-இல் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என உரைத்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-இல் எழுதிய மறைக்கல்வி பற்றிய திருத்தூது ஊக்கவுரையில், இல்லத்தில் நிகழும் மறைக்கல்வி மற்றெல்லா வகை மறைக்கல்விக்கும் முற்பட்டது, அவற்றுடன் இணைந்து நடப்பது, அவற்றை வளப்படுத்துவது என்று விளக்கினார். ஆகவே, நாம் நம் வீட்டில் செய்வது பங்குக் கோயிலில் நடப்பதன் எச்சமன்று; அதற்கு அடித்தளமே அதுதான்.

மூன்று நூல் எழுதிய ஒருவர்

ஒரே நூல் எல்லா வயதினர்க்கும் பொருந்தாது என்பது நமது காலத்துக் கண்டுபிடிப்பன்று. பதினாறாம் நூற்றாண்டில் செர்மானிய நாடுகளில் உழைத்த இயேசு சபைப் புனிதர் பேதுரு கனீசியுஸ், ஒரே மறையுண்மையை மூன்று அளவுகளில் நூலாக்கினார். 1555-இல் கற்றறிந்தோர்க்கும் உயர்கல்வி மாணவர்க்கும் ஒரு பெரு நூல். 1556-இல் சிறு குழந்தைகளுக்கு மிகச் சிறிய நூல். 1558-இல் இடைப்பட்ட மாணவர்க்கு நடுத்தர நூல். சட்டை தைக்கும் தையற்காரர் ஆளுக்கு ஆள் அளவெடுப்பதைப் போன்றது இது.

நம் தமிழ் மண்ணிலும் இம்மரபு பழையது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மணியடித்துச் சிறுவரைத் திரட்டிச் செபங்களைக் கற்பித்து, அவர்கள் வீடு சென்று தம் பெற்றோர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்குமாறு பணித்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கே அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். மறு ஆண்டே கொச்சியில், வினாவிடை வடிவில் விரிவான 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்கள் மறைக்கல்வி நூல்களே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அவற்றிலும் முதலில் சிறியது, பிறகு பெரியது என்ற ஒழுங்கைக் காண்கின்றோம்.

நம் மாவட்டத்துத் தாய்மார் இதை நூல் படிக்காமலே அறிவர். பல் முளைக்காத குழந்தைக்குக் கேழ்வரகுப் பாலைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சித் தருவர். வளர்ந்த பின் கூழ். வயலில் உழைக்கத் தொடங்கியதும் களி. தானியம் ஒன்றே, பக்குவம் வேறு. இனி வயது வாரியாகக் காண்போம்.

ஆறு வயதுக்கு உட்பட்டோர்

இவர்களுக்கு உண்மையில் நூல் தேவையில்லை. தாயின் கைதான் இவர்களுக்கு நூல். குழந்தையின் கையைப் பிடித்துச் சிலுவை வரையும்போதே மறைக்கல்வி தொடங்கிவிடுகிறது. நூல் வாங்குவதாயின் படம் பெரிதாக, பக்கத்திற்கு ஒன்றிரண்டு வாக்கியமே உள்ளதாக, தாள் கனமானதாக இருக்கட்டும். எழுத்து எம்மொழியில் இருப்பினும் கவலையில்லை. படத்தைக் காட்டிக் கதையை நம் வாயால் நம் மொழியில் சொல்லலாம். அவ்வகையில் அந்தத் தாய் திருவிழாக் கடையில் வாங்கிய ஆங்கில நூல் சின்னவளுக்குப் பயன்படும் என்றோம். வீணாயிற்று என்று அவர் எண்ணியிருந்த நூல் அது.

மரிய மாண்டிசோரி அம்மையாரை நாம் அறிவோம். 1939-இல் சென்னைக்கு வந்து, போர்க்கால ஆண்டுகளில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய அந்தக் கத்தோலிக்கப் பெண்மணி, குழந்தை கையால் தொட்டே கற்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தினார். அவர் வழியைப் பின்பற்றி 1954-இல் உரோமை நகரில் சோபியா கவலெத்தி என்னும் அம்மையார், நல்லாயன் மறைக்கல்வி என்னும் முறையைத் தொடங்கினார். மரத்தால் செய்த சிறு ஆடுகள், ஓர் ஆயன் உருவம், ஒரு பட்டி. இவையே அங்குக் குழந்தைகளின் பாடநூல்கள். நம் ஊரில் இதற்குப் பணம் எதற்கு? களிமண் இருக்கிறது, ஆடு மேய்க்கும் தாத்தாவும் இருக்கிறார்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எரிநரகப் படங்களைக் காட்டி அச்சுறுத்தும் நூல்களும் கடைகளில் உண்டு. ஐந்து வயதில் இறைவனைத் தடியோடு நிற்கும் காவலராகக் கண்ட பிள்ளை, பதினைந்து வயதில் அவரைத் தந்தையென அழைக்கத் தயங்கும். எந்த நூல் இறைவனின் அன்பை முதலில் காட்டுகிறதோ, அதையே இவ்வயதினர்க்குத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு முதல் பத்து வரை

புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பருவம் இது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910-இல் வெளியிட்ட ஆணையின்படி, ஏறத்தாழ ஏழு வயதில் பகுத்தறியும் பருவம் எய்தும் பிள்ளை நற்கருணை வாங்கலாம். சாதாரண அப்பத்திற்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டை அப்பிள்ளை தன் அளவில் உணர்ந்தால் போதும் என்றார் அவர். எனவே இவ்வயதினர்க்குரிய நூல் பெரிய இறையியலைப் பேச வேண்டியதில்லை. விவிலியக் கதைகள், அடிப்படைச் செபங்கள், திருப்பலியின் பகுதிகள், நற்கருணை, ஒப்புரவு ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும்.

மனப்பாடம் கூடாது என்று சிலர் கூறுகின்றனர். நாம் அதை ஏற்பதில்லை. இவ்வயதில் மனத்தில் பதிந்த செபம், மரணப் படுக்கையிலும் நாவில் வரும். ஆனால் பொருள் அறியாத மனப்பாடம், உமி குத்திய கதையாகும். ஆதலின் நூல் வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஏதேனும் ஒரு பக்கத்தைப் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் தட்டுத் தடுமாறினால், அந்நூல் இன்னும் இரண்டாண்டு கழித்துத்தான் அவனுக்குரியது.

இங்கு மொழிச் சிக்கல் ஒன்றையும் கூற வேண்டும். ஆங்கில வழியில் பயிலும் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கவே இடர்ப்படுகின்றனர். ஓசூர், தளிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோரும் உளர். எம்மொழியில் கற்பிப்பது? பிள்ளை எம்மொழியில் அழுமோ, அம்மொழியிலேயே செபிக்கக் கற்கட்டும். கோயிலில் கேட்கும் தமிழை அதனுடன் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

பாட்டியின் சொல்லும் பேரனின் சொல்லும்

அந்தத் தாய் கொணர்ந்த மூன்றாம் நூலை, அதாவது பழைய குறிப்பிடத்தை, நாம் மரியாதையோடு புரட்டினோம். அதில் திருப்பலி 'பூசை' எனவும், திருமுழுக்கு 'ஞானஸ்நானம்' எனவும், அருட்சாதனம் 'தேவதிரவிய அனுமானம்' எனவும், வானதூதர் 'சம்மனசு' எனவும், புனிதர் 'அர்ச்சியசிஷ்டர்' எனவும் குறிக்கப்பட்டிருந்தன. சங்கத்திற்குப் பின் வழிபாடு தமிழில் நிகழத் தொடங்கிய காலந்தொட்டு, இச்சொற்கள் படிப்படியாக மாறின. இதனால் ஒரு சங்கடம். "ஆயா தப்புத் தப்பாகச் செபம் சொல்கிறது" என்று பேரன் நகைக்கிறான். "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பரமண்டல மந்திரம்கூடத் தெரியவில்லை" என்று பாட்டி வருந்துகிறார். இருவரும் சொல்வது ஒரே செபந்தான்!

பழைய நூலை எறிந்துவிடாதீர்கள். அதைக் கொண்டே நடுப்பிள்ளைக்குப் பாடமும் நடத்தாதீர்கள். ஒரு தாளில் இரு பத்திகளாகக் கோடிட்டு, ஒருபுறம் பாட்டியின் சொல், மறுபுறம் புதுச் சொல் என்று பேரனைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். பாட்டி சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அன்று ஆசிரியராவார். நம் பக்கத்துக் கிறிஸ்தவம், உபதேசியார்களும் பாட்டிமாரும் வாய்வழி கொடுத்த செல்வம் என்பதைப் பிள்ளை உணரும்.

பத்து முதல் பதின்மூன்று வரை

"ஏன், எப்படி" என்று துருவும் பருவம் இது. இப்போதுதான் வினாவிடை நூல் நன்கு பயன்படும். கட்டளைகள், ஏழு அருட்சாதனங்கள், திருவழிபாட்டு ஆண்டு, திருச்சபை வரலாறு ஆகியவற்றை ஒழுங்காகக் கற்பிக்கும் நூலைத் தேர்ந்தெடுங்கள். மறைமாவட்டம் பரிந்துரைக்கும் வகுப்புவாரிப் பாடநூல் உங்கள் பங்கில் இருக்குமாயின், அதையே முதன்மையாகக் கொள்ளுங்கள். ஞாயிறு வகுப்பில் ஒன்று, வீட்டில் மற்றொன்று எனில் பிள்ளை குழம்பும்.

நம் வேர்களையும் அறிவிக்கலாம். தர்மபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. நம் மறைமாவட்டமோ 1997-இல்தான் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. ஆனால் இப்பகுதியின் விசுவாசம் அவ்விரண்டினும் மிக மூத்தது. கோவிலூருக்கோ, பி. பள்ளிப்பட்டி லூர்து அன்னை ஆலயத்திற்கோ பிள்ளைகளை அழைத்துச் சென்று, அக்கோயில் எப்படி எழுந்தது என்று அங்குள்ள முதியவர் ஒருவரைக் கேட்கச் செய்யுங்கள். எந்த நூலும் தராத பாடம் அது.

இலவச நூலைப் பற்றி

பேருந்து நிலையத்தில் கிடைத்த இரண்டாம் நூலுக்கு வருவோம். அதில் இயேசுவின் வாழ்வு அழகாகவே சொல்லப்பட்டிருந்தது. அதைக் கொடுத்தவரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் இரண்டு இடங்களில் நடுப்பிள்ளை குழம்பியிருக்கிறான். 'கொலை செய்யாதே' என்பது அதில் ஆறாம் கட்டளை; நம் நூலில் அது ஐந்தாம் கட்டளை. யார் சொல்வது சரி? இரண்டும் ஒரே பத்துக் கட்டளைகளே. பகுத்து எண்ணும் முறைதான் வேறு. நாம் புனித அகுஸ்தினார் வழியில் எண்ணுகின்றோம். லூத்தரன் சபையாரும் அவ்வாறே எண்ணுகின்றனர். பிற சபையார் பலர் வேறு முறையைக் கொண்டுள்ளனர். இதை அறியாத பிள்ளை ஒப்புரவுக்குச் செல்லும்போது எண்ணை மாற்றிச் சொன்னால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

மற்றொன்று, விவிலியத்தில் 66 நூல்கள் என்று அது கூறியது. நம் விவிலியத்தில் பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27, ஆக 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் மற்றப் பதிப்புகளில் இரா. கத்தோலிக்க அறிஞரும் பிற சபை அறிஞரும் கூடி உழைத்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில் இவை அனைத்தும் உண்டு. வாங்குமுன் பொருளடக்கத்தில் 'தோபித்து' இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒன்றே போதிய சோதனை.

எந்த மறைக்கல்வி நூலாயினும் முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டி, ஆயரின் அனுமதி அச்சிடப்பட்டுள்ளதா எனக் காணுங்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, மறைக்கல்வி நூல்கள் மறைமாவட்டத் தலைவரின் ஒப்புதல் பெற்றே வெளியிடப்பட வேண்டும். அது நூல் சுவையானது என்பதற்குச் சான்றன்று. விசுவாசத்திற்கு மாறானது அதில் இல்லை என்பதற்குச் சான்று.

இன்னும் ஒன்று. அடுத்த வீட்டாரின் சமயத்தை இழித்துப் பேசும் நூல் எதுவாயினும் அதை உங்கள் பாயில் விரிக்காதீர்கள். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று சங்கம் 1965-இல் அறிவித்துள்ளது. நம் பிள்ளைகளின் பள்ளித் தோழரும், அவசரத்துக்கு வண்டி கட்டி உதவுவோரும் பெரும்பாலும் இந்துச் சகோதரரே. அவர்களை இகழக் கற்ற பிள்ளை, இயேசுவைக் கற்றதாகாது.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர்

இப்போது மூத்தவனிடம் வருவோம். இப்பருவத்தினர்க்கு நூலைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோர் செய்யும் பெரும் பிழை, விடைகளை மட்டும் கொண்ட நூலைக் கொடுப்பது. அவர்களுக்குத் தம் கேள்வியை மதிக்கும் நூல் தேவை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் பெரியவர்க்கும் பெரிது. அதன் சுருக்கம் 2005-இல் 598 வினாவிடைகளாக வந்தது. இளைஞர்க்கென்றே 2011-இல் வெளியான 'யூகேட்' 527 வினாக்களைக் கொண்டது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு ஏற்றது. புனிதர் வரலாறுகளும் இவ்வயதில் மனத்தைத் தொடும். குமரி மண்ணில் நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், மணமாகிக் குடும்பத்தோடு வாழ்ந்த பொதுநிலையினர். கணிப்பொறியில் வல்லவரும், 2006-இல் தம் 15-ஆம் வயதில் மறைந்தவருமான கார்லோ அக்குத்தீஸ், 2025-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவர்களை இளைஞர் தம்மவராகக் காண்பர்.

ஆயினும் தந்தை விழுந்ததைக் கண்ட மகனுக்கு இவற்றில் எதைக் கொடுப்பது? நாம் எதையும் புதிதாக வாங்கச் சொல்லவில்லை. திருவிவிலியத்தைத் திறந்து யோபு நூலைக் காட்டுமாறு கூறினோம். குற்றமற்ற ஒருவர் துன்புற்று, ஏன் ஏன் என்று இறைவனிடமே வழக்காடுகிறார். அவருடைய நண்பர்கள் ஆயத்தமாக வைத்திருந்த விடைகளைச் சொல்கின்றனர். இறுதியில் இறைவன் கடிந்துகொள்வது கேள்வி கேட்ட யோபுவை விட அந்த நண்பர்களையே. திருப்பாடல்களில் எத்தனையோ பாடல்கள் முறையீடுகள். சிலுவையில் தொங்கிய இயேசுவும் தந்தையை நோக்கி ஏன் கைவிட்டீர் என்று கதறினார். ஆகவே "அப்படிக் கேட்காதே" என்று மகனை அடக்காதீர்கள். அவன் கேட்டதும் செபமே.

பிறகு தோபித்து நூலை வாசிக்கச் சொன்னோம். நற்செயல்கள் புரிந்த தந்தை பார்வையிழக்கிறார். மகன் தொலைதூரம் பயணம் போகிறான். உடன் வருபவர் வானதூதர் இரபேல் என்பது அவனுக்கு நெடுநாள் தெரியாது. இது துன்பம் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் தரும் நூலன்று. துன்பத்தின் ஊடே யார் உடன் நடந்தார் என்பதைக் காட்டும் நூல். நாமும் அந்தத் தாயிடம் அவ்வளவே கூறினோம். "ஏன் விழுந்தார் என்பது எங்களுக்கும் தெரியாது அம்மா. தெரியும் என்று பிள்ளையிடம் பொய் கூற வேண்டா" என்றோம்.

ஒரே பாய், மூன்று வயது

"மூவருக்கும் தனித்தனியே பாடம் நடத்த எனக்கு நேரம் ஏது ஐயா?" என்று அவர் கேட்டது நியாயமே. தேவையில்லை. வாரத்திற்கு ஒரு விவிலியப் பகுதியே போதும். எடுத்துக்காட்டாக, லூக்கா நற்செய்தி பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் காணாமற்போன ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பிள்ளை அதை உரக்க வாசிக்கட்டும். சின்னவள் களிமண் ஆட்டைத் தலையணைக்குப் பின் ஒளித்து வைத்துத் தேடிக் கண்டுபிடித்துத் தோளில் சுமக்கட்டும். மூத்தவனிடம் மட்டும், "ஒன்றுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுச் செல்வது சரியா?" என்று கேளுங்கள். ஆடு மேய்த்தவன் அதற்கு என்ன சொல்வான் என்று அவனே யோசிக்கட்டும். இருபது நிமிடம் ஆகும். பிறகு ஒரு சிறு செபம், விளக்கை அணைக்கலாம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு வீட்டிற்கு இன்றியமையாதது ஒரு திருவிவிலியம். அதனுடன் வயதுக்கேற்ற ஒரு நூல். மற்றவற்றை இரவல் பெறலாம். அன்பியத்தில் நான்கு குடும்பங்கள் ஆளுக்கு ஒரு நூல் வாங்கி மாதந்தோறும் மாற்றிக்கொண்டால், நான்கு நூல்களும் நான்கு வீட்டிலும் இருப்பது போலாகும். பிள்ளை வளர்ந்து முடித்த நூலைப் பங்கு நூலகத்தில் சேர்த்தால், அடுத்த பிள்ளை அதைப் படிக்கும்.

மூன்று மாதங்களுக்குப் பின் அவ்வூருக்கு மீண்டும் சென்றோம். அத்தாய் ஒரு திருவிவிலியம் மட்டும் வாங்கியிருந்தார். பாட்டியின் சொற்களும் புதுச் சொற்களும் எழுதிய தாள், சுவரில் திரு இருதயப் படத்தின் கீழ் ஒட்டப்பட்டிருந்தது. தோபியாவுடன் ஒரு நாயும் பயணம் போனதாம் என்று சின்னவள் நம்மிடம் கூறினாள். தன் நாயின் பெயரும் இப்போது தோபியாதான் என்றாள்!

மூத்தவனைப் பற்றி வினவினோம். "இன்னும் எங்களோடு சேர்ந்து செபம் சொல்வதில்லை ஐயா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து யோபு புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறான். அவர் கேட்கிறார். இருவரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நான் இடையில் போவதில்லை" என்றார்.

போகாதிருந்தது நன்று என்றோம்.

பெற்றோரே, இத்திங்கள் ஓர் இரவு, வீட்டில் உள்ள மறைநூல்களையெல்லாம் எடுத்து, பாயின்மேல் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றும் உங்கள் பிள்ளைகளில் யாருக்கு உரியது எனப் பாருங்கள். எவருக்குரிய நூல் அவ்வரிசையில் இல்லையோ, அப்பிள்ளையை அருகே அழைத்து, "உன் மனத்தில் உள்ள கேள்வி என்ன?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போகலாம்.